நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தின் ஓரம்

மகனே,

அன்புள்ள என்று எழுதித்தான் தொடங்கினேன். எழுதியதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது, அடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தை உனக்குத் தபாலில் போடுகிற அன்றே ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குச் சொல்கிறாய் என்று கேட்பாய். எங்கள் வீட்டு விஷயத்தை எங்களைக் கேட்காமல் நீ அச்சில் போட்டாய். இப்போது உன்னைக் கேட்காமல் நான் போடுகிறேன். எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்.

போன வாரம் போன் செய்தாய். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருட ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் புறப்படுகிறேன் என்றாய். பெற்ற வயிறு குளிர்ந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அது குளிர்ந்து முடிவதற்குள், "மீதி பதினோரு வால்யூமையும் ஸ்கேன் பண்ணணும்மா. திங்கக்கெழம ஒரு ஆள் வருவாரு. சாக்குல போட்டுக் குடுத்துடு" என்றாய். எதிர் வீட்டு அக்கா மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை, எல்லாம் உன் புத்தகத்தால் வந்த வினை என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். "அது ஆர்க்கைவ்ல இருக்கற டாக்குமெண்ட்டும்மா. பர்மிஷனெல்லாம் தேவையில்ல. பெரியம்மா ஃபேமஸ் ஆயிட்டாங்கன்னு சொல்லு" என்றாய். எதுடா ஆர்க்கைவ்? என் கேழ்வரகு டிரம்மா? அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் புத்தகத்தைப் படிக்காதவர்களுக்காக ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், நீயும் சேர்ந்து கேள். நாவல்கள் எப்படி அச்சாயின, எப்படிக் கைமாறின, யார் வீட்டில் எந்த மூலையில் படிக்கப்பட்டன என்பதை ஆராய்வது உன் வேலை. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்தெடுத்து, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டையை மேலே ஒட்டிப் பெண்கள் புத்தகமாக வைத்துக்கொண்டார்களே, அந்தத் தொகுப்புகளைப் பற்றித்தான் உன் புத்தகம். அதில் நான்காம் அத்தியாயம் முழுக்க அரூரில் ஒரு வீட்டில் கிடைத்த பன்னிரண்டு தொகுப்புகளைப் பற்றியது. அந்த வீடு நம் வீடு. தொகுப்புகளைத் தைத்தவர் எதிர் வீட்டு அக்கா, நீ பெரியம்மா என்று கூப்பிடுகிறவர். அவர் பெயரைப் போட்டிருக்கிறாய். தெருவின் பெயரைப் போட்டிருக்கிறாய். அவர் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியதைப் படம் பிடித்து நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறாய். நான் இங்கே அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதலாமா என்று இன்னும் அவரைக் கேட்கவில்லை.

புத்தகம் வந்ததும் எனக்குப் பத்துப் பிரதி அனுப்பினாய். அப்போது எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம். ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படிக்காமல் வைத்திருக்கலாம் அல்லவா? பெருமை விடவில்லை. என் மகன் எழுதிய புத்தகம் என்று தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பிரதி எதிர் வீட்டுக்கு. ஒரு பொட்டலம் மிக்சரோடு, அக்காவின் மகன் கையில், நானே கொடுத்தேன். அந்தப் பையன் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், நல்லவன், அப்பாவின் படத்துக்குத் தினமும் பூ வைத்துவிட்டுத்தான் கடை திறப்பான். நான்காம் நாள் நம் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. "எங்கப்பாவ பொண்டாட்டிய அடிக்கறவன்னு ஊருக்கெல்லாம் காட்டிட்டீங்களே சின்னம்மா. அவரு இருந்து கேக்க முடியுமா இப்ப?" என்றான். எனக்கு என்னவென்றே புரியவில்லை. அவன் போன பிறகு எதிர் வீட்டுக் கதவு சாத்தியது சாத்தியபடி இருந்தது. டாக்டர் சொன்ன மாதம் முடியும் முன்பே கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்காம் அத்தியாயத்தைப் படித்தேன். கண் எரிந்தது, ஆபரேஷனால் இல்லை.

நான் உன் படிப்புக்கு எதிரி இல்லை. அதை முதலில் தெரிந்துகொள். நீ பன்னிரண்டாவது முடித்தபோது உன் பெரியப்பா வந்து உட்கார்ந்துகொண்டு, "கதப் பொஸ்தகம் படிக்கறதுக்கு ஒரு படிப்பா? தகப்பன் இல்லாத பையன நீயே கெடுக்காத" என்றார். தாலுகா ஆபீசில் தபால் பதிவேடு எழுதுகிற குமாஸ்தா நான். உன் அப்பா பணியில் இருக்கும்போதே போய்விட்டதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. உன் பெரியப்பாவின் முன்னால் அதுவரை நான் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. அன்றைக்கு உட்கார்ந்தேன். என் பையன் இலக்கியம்தான் படிப்பான், பிடிக்காதவர்கள் நம் வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்றேன். அவர் ஆறு வருடம் வரவில்லை, பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். நீ தருமபுரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தாயே, விடிந்ததும் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் தொண்டை கட்டித் திரும்புவாயே, அந்த நான்கு வருடமும் ஒரு நாள்கூட உன்னை வேறு வேலை பார் என்று நான் சொன்னதில்லை.

அதற்கு முன்னால் சென்னையில் நடந்ததையும் நான் மறக்கவில்லை, நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. பழைய அச்சகங்களின் விலைப்பட்டியல்களை எட்டு மாதம் அலைந்து தேடியெடுத்தாய். உன் வழிகாட்டிப் பேராசிரியர் அதைத் தன் பெயரில் கட்டுரையாக எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். "அடிக்குறிப்புலகூட எம்பேரு இல்லம்மா. ஒரு நண்பர் உதவினார்னு போட்டிருக்காரு" என்றாய். அந்த மனிதரை நான் திட்டிய திட்டு தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பெயர் இல்லாமல் போனால் எப்படி வலிக்கும் என்று உனக்குத் தெரியும். கேட்காமல் எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்றும் தெரியும். தெரிந்தவன்தான் இதைச் செய்திருக்கிறாய். அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இனி உன் ஆராய்ச்சிக்கு வருகிறேன். தையலின் இடுக்குகளில் சாம்பல் நிறத் துகள் படிந்திருக்கிறது, அந்தக் காலத்து வாசகியர் பூச்சி அரிக்காமல் இருக்க ஏதோ மூலிகைப் பொடி தூவிப் புத்தகங்களைப் பாதுகாத்தார்கள் என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். மூலிகையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது கேழ்வரகு மாவு. எதிர் வீட்டு அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அக்காவை அடுத்த வீட்டு வாசலில் நின்று பேசவும் விடமாட்டார். உன் அப்பாவுக்கோ கதை படிக்கிற பெண் குடும்பத்துக்கு ஆக மாட்டாள் என்ற நினைப்பு. அதனால் மில்லுக்கு மாவு அரைக்கப் போகும் தூக்குப் பாத்திரத்தில்தான் அந்தப் புத்தகங்கள் போய் வந்தன. மில்லில் வரிசையில் நிற்கும்போது அவர் தூக்கு என் கைக்கு வரும், என் தூக்கு அவர் கைக்குப் போகும். அடியில் புத்தகம், மேலே மாவு. ஒரு நாள் அண்ணன் இதைக் கண்டுபிடித்து, அத்தனையையும் கொளுத்துகிறேன் என்று கிளம்பியபோது, அக்கா இருபத்து மூன்று புத்தகங்களையும் நம் வீட்டுக்குக் கடத்திவிட்டார். நம் வீட்டுக் கேழ்வரகு டிரம்மின் அடியில் அவை கிடந்தது அப்படித்தான். களி தின்று வளர்ந்த பையனுக்குக் கேழ்வரகு மாவைக் கண்டால் தெரியவில்லை. முகர்ந்து பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

அதைச் சிரித்துக்கொண்டு மன்னித்துவிடுவேன். நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தை மன்னிக்க மாட்டேன். கதையில் கணவன் கதாநாயகியைக் கைநீட்டி அடிக்கிற இடம். ஓரத்தில் அக்கா எழுதியிருக்கிறார்: "எனக்கும் நேற்று இதேதான். இடது காது கேட்கவில்லை. என்ன செய்ய?" இதற்கு நீ எழுதிய விளக்கம், வாசகி தன்னைப் பாத்திரத்தோடு ஒன்றாக்கிக்கொள்கிறாள், கேட்காத காது என்பது குரலற்ற பெண்ணின் உருவகம். உருவகமாடா அது? பெரியம்மாவோடு பேசும்போது வலப்பக்கமாகப் போய் நின்று பேசு, இந்தப் பக்கம் அவருக்குக் கேட்காது என்று உனக்கு மூன்று வயதில் சொல்லிக்கொடுத்தேன். நீயும் அந்த வயதிலிருந்து வலப்பக்கமாகப் போய்த்தான் அவர் மடியில் ஏறுவாய். அந்தக் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவன், காகிதத்தில் அதே காதைப் பார்த்ததும் உருவகம் என்று எழுதிவிட்டாய். இத்தனை நாள் படித்த புத்தகம் எல்லாம் எதற்கு?

அந்த வரிக்குக் கீழே வேறொரு கையெழுத்து இருக்கிறது. "பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா. கதையில் அவன் திருந்தவில்லையா? அண்ணனும் திருந்துவார்." பெயர் தெரியாத இரண்டாம் வாசகி என்று அவளைக் குறிப்பிடுகிறாய். தொடர்கதைகளின் நல்ல முடிவை எளிய வாசகியர் எப்படி நம்பினார்கள் என்பதற்கு அவளைச் சான்றாகக் காட்டுகிறாய். முன்னுரையில், நாவல் எதுவும் படித்திராத என் தாயார் இவற்றைப் பக்கத்து வீட்டாருக்காகப் பத்திரமாக வைத்திருந்தார் என்று எனக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறாய். மகனே, உன் பள்ளிக்கூட விடுப்புக் கடிதம் எல்லாம் எழுதியது யார்? ஹாஸ்டலுக்கு வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் போட்டது யார்? என் கையெழுத்தில் கொம்பு எழுத்தைவிடப் பெரிதாக இருக்கும், மாட்டுக் கொம்பு மாதிரி என்று கேலி செய்வாயே. இந்தத் தாலுகாவில் என் கையெழுத்தை அறியாத ஆபீஸ் இல்லை. ஐம்பது வருடத்துக் கையெழுத்துகளை வகை பிரித்தவன் என்று உன் புத்தகத்தின் பின்னட்டை சொல்கிறது. உனக்குத் தெரியவில்லை.

தப்பு முழுக்க உன் தலையில் இல்லை. எட்டு வயதில் நீ அந்த டிரம்மைத் துழாவிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, இது யாருதும்மா என்று கேட்டாய். உன் அப்பா பக்கத்தில் இருந்தார். எதிர் வீட்டுப் பெரியம்மாவுடையது, நான் இதையெல்லாம் தொடுவதில்லை என்று சொன்னேன். அவர் போன பிறகு பயப்பட யாரும் இல்லை, ஆனால் பொய் சொல்லிப் பழகிவிட்டது. ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று நீ வந்து கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் ஒதுக்கிவைத்தால் ஏன் என்று கேட்பாயோ என்று பயந்து, அதையும் சேர்த்துப் பைக்குள் போட்டேன். அக்காவிடம் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. ஆகவே உன்னைத் திட்டுகிற ஒவ்வொரு திட்டிலும் பாதி எனக்கு. மீதிப் பாதியை நீ ஒழுங்காக வாங்கிக்கொள்.

நீ விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. என்ன செய்ய என்று கேட்டதோடு அக்கா நிறுத்தவில்லை. அடுத்த பக்கத்து ஓரத்தில், "பொம்மிடியில் என் அண்ணனுக்கு நீ ஒரு கார்டு போடு. வந்து கூட்டிப்போகச் சொல்" என்று எழுதி விலாசமும் எழுதியிருந்தார். அவர் கடிதம் எழுதினால் வீட்டுக்காரரின் மண்டி ஆள்தான் தபாலில் போட வாங்கிப்போவான், பிரித்துவிடுவான், அதனால் என்னைக் கேட்டார். நீ அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறாய். உன் பின்குறிப்பில், வாசிப்போடு தொடர்பற்ற வீட்டுக் குறிப்புகள் விடப்பட்டுள்ளன என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்தேன். அவர் எழுதியதிலேயே உயிரான வரி அதுதான், அதைத்தான் தொடர்பற்றது என்று விட்டிருக்கிறாய்.

நான் கார்டு போடவில்லை. போட்டிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். குடும்பத்தைப் பிரித்தவள் என்று பெயர் வரும் என்று பயந்தேன். உன் அப்பாவுக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்று பயந்தேன். இவையெல்லாம் வெளியே சொல்லக்கூடிய காரணங்கள். சொல்ல முடியாத காரணம் ஒன்று உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். அக்கா பொம்மிடிக்குப் போய்விட்டால் எனக்கு இனி யார் புத்தகம் தருவார்கள் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்தான் நினைத்தேன், ஆனால் நினைத்தேன். பிறகு பென்சிலை எடுத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதித் தூக்கில் வைத்து அனுப்பினேன். அவர் பொறுத்துக்கொண்டார். கதையில் வந்தவன் திருந்தினான், அண்ணன் சாகிறவரை திருந்தவில்லை. அதன் பிறகு அவர் எந்த ஓரத்திலும் எதையும் எழுதியதில்லை. உன் அத்தியாயத்தில், பிற்காலத் தொகுப்புகளில் குறிப்புகள் அருகிவிட்டன, வாசிப்பு மௌனமானதன் அடையாளம் இது என்று எழுதியிருக்கிறாயே, அந்த மௌனத்துக்குக் காரணம் நான்.

உன் போன் வந்த மறுநாள் காலை பதினோரு மணிக்கு, மீதி பதினோரு புத்தகங்களையும் இரண்டு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். மருமகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்கா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். "அந்தப் பக்கம் போ. நீ பேசறது கேக்காம இருந்தா எனக்கு நல்லது" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. என் மகன் செய்தது தப்புங்க அக்கா, அடுத்த பதிப்பில் உங்க பேரை எடுத்துடச் சொல்றேங்க என்றேன்.

"எதுக்கு எடுக்கணும்?" என்றார். "அடி வாங்குனவ நான். எழுதுனவ நான். எங்களக் கேக்காம போட்டது தப்புதான், அதுக்கு அவன் வந்து பதில் சொல்லட்டும். ஆனா போட்டாச்சு. எம்பையன் மூணு வாரம் மூஞ்சத் தூக்கி வெச்சிருந்தான். நேத்து வந்து, காது டாக்டர்கிட்ட போலாமாம்மாங்கறான். இனிமே காது வந்து நான் என்ன பண்றது? ஆனா கேட்டான் பாரு. இத்தன வருசத்துல அந்தக் காதப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்ல." மொச்சையை உரிப்பதை நிறுத்தவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கீழ எழுதுனவ யாருன்னு தெரியாதுன்னு போட்டிருக்கானே, அவனுக்கு நெசமாவே தெரியாதா? நீ சொல்லலையா?"

"சொல்லலீங்க அக்கா."

"நானும் யார்கிட்டயும் சொல்லல. ஒரு கார்டு கேட்டேன் உன்கிட்ட. எம்பேரு புஸ்தகத்துல இருக்குது, எந்தெருவு இருக்குது, எங்காது இருக்குது. பொறுத்துக்கோன்னு சொன்னவ பேரு மட்டும் இல்ல. அது நாயமா புள்ள?" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. "புஸ்தகத்த வெச்சிட்டுப் போ" என்றார். வைத்துவிட்டு வந்தேன். நாற்பது வருடத்தில் அந்த வீட்டில் எனக்குக் காபி கொடுக்காமல் அனுப்பியது அன்றைக்குத்தான்.

ஆகவே திங்கட்கிழமை ஆள் அனுப்பாதே. வந்தால் வெறும் சாக்கோடுதான் திரும்புவார். பதினோரு புத்தகமும் யார் தைத்தார்களோ அவரிடமே இருக்கின்றன. கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். உனக்கு வேண்டுமென்றால் விமானம் ஏறும் முன் நீ வா. சென்னையிலிருந்து ரயிலில் வந்து பொம்மிடியில் இறங்கு. நான் போடாத கார்டு போயிருக்க வேண்டிய ஊர் அது, ஸ்டேஷன் வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு அரூர் பஸ் ஏறு. நம் வீட்டுக்கு வராதே, நேராக எதிர் வீட்டுக் கதவைத் தட்டு. வலப்பக்கமாக உட்கார். நோட்டை எடுக்காதே, போனை எடுக்காதே, முதலில் மன்னிப்புக் கேள். அவர் மகனிடமும் கேள். எத்தனை நூலகம் ஏறி இறங்கியிருக்கிறாய், எத்தனை பேரிடம் அனுமதிக் கடிதம் நீட்டியிருக்கிறாய். பதினைந்து அடி அகலத் தெருவைத் தாண்டி உயிரோடு இருக்கிற ஒருவரைக் கேட்க உனக்குத் தோன்றவில்லை. இனி அங்கே போய் யாருடைய புத்தகத்தைத் திறந்தாலும், ஓரத்தில் எழுதியவள் இன்னும் இருக்கிறாளா என்று முதலில் விசாரி.

என் பெயர் இந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. பத்திரிகைக்காரர்களிடமும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒளிந்துகொள்வதற்காக இல்லை. அது வர வேண்டிய இடம் உன் புத்தகத்தின் நூற்று நாற்பத்தேழாம் பக்கம், அக்காவின் பெயருக்குக் கீழே. இன்ஷியலோடு முழுப் பெயராகப் போடு. நூலாசிரியரின் தாயார் என்றும் போடு. பொம்மிடிக் கார்டைப் பற்றிய வரியை விடாமல் போடு, அந்தக் கார்டு போகவில்லை என்பதையும் போடு. அச்சானதும் எனக்கு ஒரே ஒரு பிரதி அனுப்பு. எதிர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், இந்தத் தடவை படித்துவிட்டு.

உன் அம்மா